தப்பு விடைக்கு அடுத்த நிமிடம்: ஒரு மாலை வகுப்புக்காகக் கற்றல் கோட்பாடுகள், ஓர் ஒப்பீடு

காரைக்குடிக்கும் கானாடுகாத்தானுக்கும் இடைப்பட்ட ஊர் ஒன்றில், ஆண்டில் பெரும்பாலான நாள்கள் பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டின் முகப்பையும் வளவு எனும் உள்முற்றப் பகுதியையும் மாலை வகுப்பு நடத்தக் கொடுப்பதற்கு அந்த வீட்டுப் பங்காளிகள் சம்மதித்திருக்கிறார்கள். ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் முப்பது பேர் அளவில் வருவார்கள். பெற்றோரில் பலர் ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைகளிலும் கட்டட வேலையிலும் சிறு கடைகளிலும் உழைப்பவர்கள். சிலர் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் இருப்பதால் அவர்களுடைய பிள்ளைகள் அப்பத்தாவிடமோ அம்மாவைப் பெற்ற ஆயாவிடமோ வளர்கிறார்கள். இரண்டு ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்க வழி இருக்கிறது. எந்த முறையில் கற்பிப்பது என்பதில்தான் குழுவுக்குள் கருத்து வேறுபாடு. திரும்பத் திரும்பச் சொல்லவும் எழுதவும் வைத்துப் பரிசு கொடுத்து ஊக்குவித்தால் போதும் என்கிறது ஒரு தரப்பு. வயதுக்கேற்ற செயல்பாடுகளைக் கொடுத்துப் பிள்ளையே கண்டுபிடிக்க விட வேண்டும் என்கிறது இன்னொரு தரப்பு. வெளிநாட்டில் பேரப்பிள்ளைகளின் பள்ளியைப் பார்த்துவிட்டு வந்த ஒருவர் மாண்டிசோரி சாதனங்களை வாங்கிப் போடலாம் என்கிறார். பெரிய பிள்ளைகளைக் கொண்டு சின்னப் பிள்ளைகளுக்குக் கைகொடுக்கச் செய்யலாம் என்பது ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் கருத்து. ஆசிரியர் பயிற்சி மாணவர்களுக்குக் கல்வி உளவியல் கற்பிப்பவன் என்ற முறையில் என் கருத்தையும் கேட்டார்கள். இதே கேள்வி மற்ற ஊர்களிலும் எழுவதால் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த நான்கு யோசனைகளுக்கும் பின்னால் கல்வி உளவியலின் நான்கு மரபுகள் நிற்கின்றன. அவற்றுள் எது உண்மை என்று கேட்டால், நூறாண்டுகளாக நடந்துகொண்டிருக்கும் விவாதத்துக்குள் போய்ச் சேருவோம், வகுப்பு தொடங்காது. ஒரு குழு முடிவெடுப்பதற்கு அதைவிடப் பயன்படும் கேள்வி ஒன்று உண்டு என்று நினைக்கிறேன்: பிள்ளை தப்பாக விடை சொன்ன அடுத்த நிமிடத்தில் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும் என்று அந்தக் கோட்பாடு சொல்கிறது? விடை சரியாக வரும்போது எல்லா முறைகளும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆசிரியர் பாராட்டுவார், அடுத்ததற்குப் போவார். விடை தப்பும்போதுதான் ஒவ்வொரு கோட்பாடும் பிள்ளையை என்னவாகப் பார்க்கிறது என்பது வெளிப்படும்.

52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பலர் 35 என்று எழுதுவார்கள். இதைக் கவனக்குறைவு என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. எப்படி வந்தது என்று கேட்டால், ‘ரெண்டுல ஏழு போகாது, அதனால ஏழுல ரெண்டு போனா அஞ்சு, அஞ்சுல ரெண்டு போனா மூணு’ என்று பிள்ளை தெளிவாகவே சொல்லும். எங்கே இருந்தாலும் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணை எடுக்க வேண்டும் என்ற விதியை அது ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறது. பிரவுன், பர்ட்டன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1978-ல் இத்தகைய பிழைகளை ஆராய்ந்து, அவற்றில் பல இப்படிப்பட்ட முறையான, ஆனால் தவறான விதிகளிலிருந்து பிறப்பவை என்று காட்டினார்கள். இதே பிள்ளை மாலையில் தன் அம்மாவின் பெட்டிக்கடையில் உட்கார்ந்திருக்கும்போது, 27 ரூபாய்க்குச் சாமான் வாங்கியவர் சில்லறை தோதாக இருக்கட்டும் என்று ஐம்பது ரூபாய்த் தாளோடு இரண்டு ரூபாய் நாணயத்தையும் சேர்த்துக் கொடுத்தால், தயங்காமல் 25 ரூபாயை எடுத்துக் கொடுக்கிறது. கணக்கு ஒன்றேதான். பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் விற்பனை செய்யும் ஐந்து சிறுவர் சிறுமியரிடம் நடத்தி 1985-ல் வெளியிட்ட ஆய்வில், விற்கும் இடத்தில் கேட்ட கணக்குகளில் 98 விழுக்காட்டைச் சரியாகச் செய்தவர்கள், அதே வகைக் கணக்கைத் தாளில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37 விழுக்காட்டைத்தான் சரியாகச் செய்தார்கள். ஐந்து பேரிடம் கண்டதை வைத்து உலகத்தை அளக்கக் கூடாது என்றாலும், கடைத்தெரு உள்ள எந்த ஊர்க்காரருக்கும் இது புதிய செய்தியாக இருக்காது. ஆகவே இந்த 35-ஐ வைத்துக்கொண்டே நான்கு வழிகளையும் பார்க்கலாம்.

முதல் வழி, அமெரிக்க உளவியலாளர்களான தார்ன்டைக்கில் தொடங்கி ஸ்கின்னரிடம் முழு உருவம் பெற்ற நடத்தைவாதம். நல்ல விளைவைத் தரும் செயல் மீண்டும் நிகழும், விளைவு தராத செயல் மங்கிப்போகும் என்பதே இதன் அடிப்படை. ஸ்கின்னர் 1953-ல் தம் மகளின் கணக்கு வகுப்பைப் பார்க்கப் போனபோது இரண்டு குறைகள் அவர் கண்ணில் பட்டன: போட்ட கணக்கு சரியா தப்பா என்பது பிள்ளைக்கு உடனே தெரிவதில்லை; முடித்தவனும் முடிக்காதவனும் ஒரே வேகத்தில் போக வேண்டியிருக்கிறது. பாடத்தைச் சிறு சிறு படிகளாக உடைத்து, ஒவ்வொரு படியிலும் உடனுக்குடன் முடிவைச் சொல்லி, அவரவர் வேகத்தில் நகர விடும் கற்பிக்கும் எந்திரத்தை அவர் அடுத்த ஆண்டே செய்து காட்டினார். இன்று கைப்பேசியில் பிள்ளைகள் விளையாடும் கற்றல் செயலிகளில் பலவும் அந்த எந்திரத்தின் வாரிசுகள்தான். இந்த மரபைப் பற்றி நம் ஊரில் ஒரு தவறான எண்ணம் உண்டு. பிரம்புக்கும் இதற்கும் உறவு இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். தண்டனை கற்றலுக்கு உதவாது என்று ஸ்கின்னரே வாழ்நாள் முழுவதும் வாதிட்டார். இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம் 2009-ல் உடல் தண்டனையையும் மனத்தைத் துன்புறுத்துவதையும் பள்ளியில் தடை செய்ததும் நினைவிருக்க வேண்டும்.

இந்த வழியைச் சிந்தனையற்ற மனப்பாடம் என்று ஒதுக்குபவர்களோடு நான் உடன்படவில்லை. தமிழில் 247 எழுத்துகள் இருக்கின்றன. உயிர்மெய் வரிசையில் கை தயங்காமல் எழுதவும் கண் தயங்காமல் வாசிக்கவும் பயிற்சியைத் தவிர வேறு குறுக்கு வழி கிடையாது. வாய்ப்பாடும் அப்படியே. ஏழெட்டு எத்தனை என்று விரலை எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, வகுத்தல் கணக்கின் கருத்தைப் பற்றி யோசிக்க மனத்தில் இடம் மிச்சம் இருக்காது. அமெரிக்காவில் ஏழைக் குழந்தைகளுக்கான பல்வேறு கற்பித்தல் முறைகளை ஒப்பிட 1968 முதல் 1977 வரை நடந்த ‘ஃபாலோ த்ரூ’ என்ற மிகப் பெரிய திட்டத்தில், சிறு படிகளாகத் திட்டமிட்டு நேரடியாகக் கற்பித்த முறையே அடிப்படைத் திறன்களில் முன்னணியில் நின்றது. தன்னம்பிக்கையிலும் அந்தப் பிள்ளைகள் பின்தங்கவில்லை. இதைச் செயல்வழிக் கற்றலின் ஆதரவாளர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை.

ஆனால் 35-க்கு இந்த வழி என்ன செய்யும்? தப்பு என்று உடனே சொல்லும், இன்னும் எளிய படிக்குத் திருப்பி அனுப்பும், சரியாக வரும்வரை பயிற்சி கொடுக்கும். பிள்ளை ஏன் அப்படி எழுதியது என்று கேட்க வேண்டிய அவசியம் இந்தக் கோட்பாட்டுக்கு இல்லை. கேட்டாலும் அந்த விடையை வைத்துக்கொள்ள அதனிடம் இடம் இல்லை. பழைய விதி பிள்ளையின் மனத்தில் அப்படியே இருக்க, அதன்மேல் ‘பக்கத்து வீட்டில் கடன் வாங்கு’ என்ற புதிய விதி ஏறிக்கொள்ளும். 502-லிருந்து 127-ஐக் கழிக்கச் சொல்லும் நாளில் இரண்டும் மோதிக்கொள்ளும். பரிசிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோர் 1973-ல் வெளியிட்ட ஆய்வில், வண்ணப் பேனாவால் படம் வரைவதை ஏற்கெனவே விரும்பிச் செய்துகொண்டிருந்த மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளில் ஒரு பிரிவினருக்குச் சான்றிதழ் தருவதாக முன்பே சொல்லி வரையச் சொன்னார்கள். சில நாள் கழித்து, பரிசு எதுவும் இல்லாமல் விட்டபோது, அந்தக் குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தார்கள். பிள்ளைக்கு ஏற்கெனவே ஆசை இருக்கும் இடத்தில் மிட்டாயும் ஸ்டாரும் கொண்டுபோய் வைப்பது நட்டம். ஆசை இன்னும் பிறக்காத வாய்ப்பாட்டுப் பயிற்சிக்கு அவற்றால் கொஞ்சம் பயன் உண்டு, அதுவும் சில வாரங்களுக்கு.

இரண்டாவது வழி பியாஜேயுடையது. சுவிட்சர்லாந்துக்காரரான இவர் இளைஞராகப் பாரிஸில் வேலை பார்த்தபோது அவருக்குக் கொடுக்கப்பட்டது குழந்தைகளின் அறிவுச் சோதனைகளைத் தரப்படுத்தும் பணி. எத்தனை விடை சரி என்று எண்ணி மதிப்பெண் போட வேண்டியவர், தப்பு விடைகளைப் பார்த்து நின்றுவிட்டார். ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே மாதிரியான தப்பைச் செய்தார்கள். அந்தத் தப்புகளுக்குப் பின்னால் அவர்களுக்கே உரிய ஒரு தர்க்கம் இருந்தது. வளர்ந்த மனிதரின் அறிவில் குறைந்த அளவு உள்ளவர் என்று குழந்தையைப் பார்ப்பதை விட்டு, வேறு வகையில் யோசிப்பவர் என்று பார்க்கத் தொடங்கியது அங்கேதான். நம் பயிற்சிக் கல்லூரிகளில் மாணவர்கள் மனப்பாடம் செய்யும் நான்கு நிலைகள், அதாவது இரண்டு வயது வரை புலன் இயக்க நிலை, ஏழு வரை செயலுக்கு முற்பட்ட நிலை, பதினொன்று வரை பருப்பொருள் செயல்நிலை, அதன் பின் கருத்தியல் நிலை என்ற அட்டவணை, இந்த அடிப்படைப் பார்வையிலிருந்து பின்னால் வந்தது. தேர்வில் அட்டவணையைத்தான் கேட்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய வருத்தம், ஏனென்றால் வகுப்பறைக்கு உதவுவது அந்தப் பார்வைதான்.

இரண்டு கொழுக்கட்டை மாவு உருண்டைகளைச் சம அளவில் பிடித்து ஐந்து வயதுப் பிள்ளையிடம் காட்டி, அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்றை நீளமாக உருட்டினால், நீளமானதில் மாவு கூட இருக்கிறது என்று பிள்ளை சொல்லும். ஏழெட்டு வயதில் அதே பிள்ளை, ‘எடுக்கவும் இல்ல, சேர்க்கவும் இல்ல, ரெண்டும் ஒண்ணுதான்’ என்று நம்மை விசித்திரமாகப் பார்க்கும். பியாஜேயைப் பொறுத்தவரை இடையில் நடந்தது யாரோ சொல்லிக்கொடுத்த தகவல் சேர்ந்தது அல்ல. பிள்ளை தன் அனுபவத்தோடு முட்டிமோதி மனத்தின் அமைப்பையே மாற்றிக் கட்டிக்கொண்டது. இந்த வழியில் நிற்கும் ஆசிரியர் 35-ஐப் பார்த்தால், 52-ல் உள்ள 5 என்பது ஐம்பது என்று பிள்ளை இன்னும் கட்டிக்கொள்ளவில்லை என்று புரிந்துகொள்வார். பியாஜேயின் மாணவியான கான்ஸ்டன்ஸ் கமீ, 16 வில்லைகளை வைத்து 16 என்று எழுதி, அதில் உள்ள 1 எதைக் குறிக்கிறது என்று பிள்ளைகளிடம் கேட்டபோது, பலர் ஒரே ஒரு வில்லையைத்தான் எடுத்துக் காட்டினார்கள். இதை நம் வளவிலும் யார் வேண்டுமானாலும் புளியங்கொட்டையை வைத்துச் செய்து பார்க்கலாம். மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் ஒருமுறை செய்து பார்த்த ஆசிரியர் அதன் பிறகு இடமதிப்பைக் கரும்பலகையில் மட்டும் நடத்த மாட்டார். ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் கொடுத்து, இருபத்தேழை எடுத்துக் கொடு என்று சொன்னால், ஒரு கட்டை அவிழ்க்காமல் வேறு வழியில்லை என்பதைப் பிள்ளையின் கையே கண்டுகொள்ளும்.

எனவே தப்பு விடையை ஆசிரியர் படிக்கக் கற்றுக்கொள்ள பியாஜேயைவிட நல்ல குரு இல்லை என்பது என் முடிவு. ஆனால் அவரை வைத்து வகுப்பை நடத்த முடியுமா என்பது தனிக் கேள்வி. நிலை வரும்வரை காத்திரு என்ற முடிவுக்கு அவருடைய எழுத்து எளிதில் இட்டுச் செல்கிறது. வளர்ச்சியை வேகப்படுத்த முடியாதா என்று கேட்பதை அவர் ‘அமெரிக்கக் கேள்வி’ என்று சொல்வது வழக்கம், எல்.கே.ஜி. பிள்ளை இன்னும் வாக்கியம் எழுதவில்லையே என்று தவிக்கும் நம் பெற்றோருக்கு அந்தப் பொறுமை ஓரளவு தேவைதான். எனினும் அவர் சொன்ன வயதுகள் அவ்வளவு உறுதியானவை அல்ல என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டிவிட்டன. மெகாரிகிளும் மார்கரெட் டொனால்ட்சனும் 1974-ல் செய்த சோதனையில், வரிசையாக வைத்த வில்லைகளைப் பெரியவர் வேண்டுமென்றே கலைப்பதற்குப் பதிலாக ஒரு குறும்புக்காரக் கரடிபொம்மை வந்து கலைத்துவிட்டதாகக் காட்டியபோது, எண்ணிக்கை மாறவில்லை என்று சரியாகச் சொன்ன குழந்தைகள் மிகவும் அதிகமானார்கள். பெரியவர் ஒன்றைச் செய்துவிட்டு மறுபடி கேள்வி கேட்டால், விடையை மாற்றச் சொல்கிறார் போலும் என்று குழந்தை நினைத்துக்கொள்கிறது. மெக்சிகோவில் 1969-ல் வெளியான ஓர் ஆய்வில், மண்பாண்டம் செய்யும் குடும்பத்துப் பிள்ளைகள் களிமண் உருண்டைக் கேள்விக்கு மற்றப் பிள்ளைகளைவிட முன்கூட்டியே சரியான விடை சொன்னார்கள். பட்டறையில் சிமெண்டும் மணலும் வண்ணமும் கலந்து கண்ணாடித் தகட்டின்மேல் சட்டத்துக்குள் ஊற்றுவதை நாள்தோறும் பார்க்கிற ஆத்தங்குடிப் பிள்ளைக்கும், வகுப்பில் கரண்டியும் சட்டமும் கொடுத்து அளவைப் பற்றிக் கேட்டால், அத்தகைய முன்னிலை இருக்கக்கூடும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை. பிள்ளை வளரும் இடமும் அதோடு இருக்கும் மனிதரும் வளர்ச்சியின் வேகத்தையே மாற்றுகிறார்கள் என்றால், காத்திருத்தல் மட்டும் போதாது.

மூன்றாவது வழியான மாண்டிசோரி பற்றிச் சுருக்கமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. முறையில் எனக்கு மதிப்புக் குறைவு இல்லை, இந்த வகுப்புக்கு அது பொருந்தி வரவில்லை. மரியா மாண்டிசோரி 1907-ல் ரோம் நகரத்தின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில்தான் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். 1939-ல் சென்னை அடையாறு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் இருந்தார். தமிழ்நாட்டுக்கு இந்த முறை அந்நியமானதல்ல. தப்பு விடைக்கு அவர் கண்ட வழி அழகானது: சாதனமே தப்பைக் காட்டிவிட வேண்டும், ஆசிரியர் வாய் திறக்கத் தேவையில்லை. உருளை தன் குழியில் பொருந்தாவிட்டால் பிள்ளையே திருத்திக்கொள்ளும். ஆனால் இதற்குப் பயிற்சி பெற்ற ஆசிரியரும், முழுச் சாதனத் தொகுதியும், காலையில் இடையூறில்லாத நீண்ட நேரமும் வேண்டும். பள்ளி முடிந்து களைத்து வரும் எட்டு வயதுப் பிள்ளைக்கு மாலையில் ஒன்றரை மணி நேரத்தில் அந்தச் சூழலை உண்டாக்க முடியாது. அலமாரி நிறையச் சாதனம் வாங்கிப் பயிற்சி இல்லாத ஆசிரியர் கையில் கொடுப்பதைவிட, அந்தப் பணத்தில் தமிழ்க் கதைப் புத்தகங்கள் வாங்கலாம். மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்குக் காலை நேரக் காப்பகம் ஒன்றைக் குழு பின்னாளில் தொடங்குமானால், அப்போது இந்த யோசனையை முதலில் எடுத்துப் பேச வேண்டும்.

நான்காவது வழிக்குக் கோட்பாட்டு வடிவம் கொடுத்தவர் வைகாட்ஸ்கி. பியாஜே பிறந்த அதே 1896-ல் பிறந்து, காசநோயால் 37 வயதிலேயே 1934-ல் இறந்த ரஷ்ய உளவியலாளர். சோதனையில் எட்டு வயது மட்டத்தில் இருக்கும் இரண்டு பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார் அவர். சிறிது உதவி கொடுத்தால் ஒருவன் ஒன்பது வயது மட்டக் கணக்கு வரை செய்கிறான், மற்றவன் பன்னிரண்டு வயது மட்டம் வரை போகிறான். இருவரும் ஒரே மட்டமா? தனியே செய்ய முடிவதற்கும் துணையோடு செய்ய முடிவதற்கும் இடையிலுள்ள அந்த அண்மை வளர்ச்சி மண்டலத்தில்தான் கற்பித்தல் நடக்க வேண்டும் என்பது அவருடைய துணிபு. அந்தத் துணை எப்படி அமைய வேண்டும் என்பதை வுட், புரூனர், ராஸ் ஆகியோர் 1976-ல் விவரித்தார்கள். மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் 21 மரத்துண்டுகளைக் கோத்துப் பிரமிடு கட்டும்போது, பயிற்றுநர் எங்கே கைகொடுக்கிறார், எங்கே கையை எடுத்துக்கொள்கிறார் என்று கவனித்து, அதற்குச் சாரங்கட்டுதல் என்று பெயர் வைத்தார்கள்.

செட்டிநாட்டு வீடுகளில் ஆச்சிமார் கொட்டான் என்ற ஓலைக்கூடை முடையப் பழக்குவதைக் கிட்ட இருந்து பார்த்தவர்களுக்கு இந்த ஆய்வின் உள்ளடக்கம் உடனே விளங்கும். சாயமேற்றிய பனை ஓலையை ஈரப்பதத்தோடு கையில் எடுத்து, கடினமான அடிப்பாகத்தை ஆச்சி தாமே முடைந்து, மூலைகளைத் திருப்பி நிறுத்திய பிறகுதான் பக்கவாட்டை பேத்தி கையில் கொடுக்கிறார். ஓலை ஒன்று மேலே போக வேண்டிய இடத்தில் கீழே போய்விட்டால், கொட்டானைப் பிடுங்கித் திருத்துவதில்லை. ‘எண்ணிப் பாரு ஆத்தா, எத்தனை விட்டு எடுத்தே?’ என்று கேட்டுக் காத்திருக்கிறார். பேத்தி கண்டுபிடிக்காவிட்டால் தப்பிய வரிசையில் விரலை வைக்கிறார். அப்போதும் பிடிபடாவிட்டால் இரண்டு ஓலையைப் பின்வாங்கி, ஒன்றைத் தாம் எடுத்துக் காட்டி, அடுத்ததைப் பேத்தியை எடுக்க வைக்கிறார். சில கொட்டான்களுக்குப் பிறகு மூலை திருப்புவதும், கடைசியாக அடி தொடங்குவதும் பேத்தியின் வேலையாகிவிடும். பர்மாவிலும் மலாயாவிலும் இருந்த நகரத்தார் கடைகளில் பெட்டியடிப் பையனாக உட்கார்ந்து, மேலாளையும் அடுத்தாளையும் பார்த்து வட்டிக் கணக்கும் பேரேடும் பழகியவர்களின் கல்வியும் இதே வகையைச் சேர்ந்தது.

இந்த வழி 35-க்கு என்ன செய்யும் என்பது இப்போது தெளிவாக இருக்கும். முதலில் எப்படிப் போட்டாய் என்று கேட்கும். அதற்கு பியாஜே கொடுத்த கண் வேண்டும். பிறகு பிள்ளை ஏற்கெனவே தெரிந்து வைத்திருக்கும் கடைக்கணக்கைத் தாள் கணக்கின் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கும்: 52 ரூபாய் கொடுத்து 27 ரூபாய்க்கு வாங்கினால் 35 ரூபாய் மீதி கொடுப்பாயா? பிள்ளை சிரிக்கும், தன் விடையைத் தானே சந்தேகிக்கும். பிறகு ஈர்க்குச்சிக் கட்டு, பிறகு தாள், கடைசியில் உதவியே இல்லாமல் மூன்று நான்கு கணக்குகள். செயல், படம், குறியீடு என்று புரூனர் வகுத்த வரிசையும் இதுதான். பிள்ளை கணக்குப் போடும்போது முணுமுணுக்கும். அதை அடக்கக் கூடாது என்பது வைகாட்ஸ்கி தரும் இன்னொரு நடைமுறைப் பாடம். பிறரோடு பேசிய பேச்சுத்தான் தனக்குத்தானே பேசும் பேச்சாகி, பின்பு உள்ளே இறங்கிச் சிந்தனையாகிறது. கணக்குக் கடினமாகும்போது முணுமுணுப்பும் கூடும். ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகளும் மாலை வகுப்பில் தமிழில் வாய்விட்டு யோசிக்கட்டும். ‘சைலன்ஸ்’ என்று அதட்டும் வகுப்பில் இந்தப் பாலம் அறுந்துபோகும்.

தலைமையாசிரியர் சொன்ன யோசனைக்கு நம் மண்ணிலேயே முன்மாதிரி உண்டு. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மூத்த மாணவரான சட்டாம்பிள்ளை சின்னவர்களுக்கு மணலில் எழுதப் பழக்குவார். 1789 முதல் எழும்பூர் அனாதை ஆண் பிள்ளைகள் இல்லத்தில் பொறுப்பிலிருந்த ஆண்ட்ரூ பெல், நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்து, மூத்த மாணவர்களைக் கொண்டு இளையவர்களுக்குக் கற்பிக்கும் முறையைத் தம் இல்லத்தில் நடத்தி, 1797-ல் இங்கிலாந்தில் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது அங்கே பரவியது. பெருமைப்படுவதற்கு முன் அங்கே நடந்ததையும் பார்க்க வேண்டும். நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே ஆசிரியர் குறைந்த செலவில் சமாளிக்கும் கருவியாக அது மாறியபோது, சட்டாம்பிள்ளையின் வேலை ஒப்பிக்கக் கேட்பதும் தப்பைக் குறிப்பதும் என்று சுருங்கிப்போனது. நம் வகுப்பிலும் நான்காம் வகுப்புப் பெண் இரண்டாம் வகுப்புப் பையனிடம் விடையை நேரே சொல்லிவிட்டால் இருவருக்கும் லாபமில்லை. எப்படிப் போட்டே என்று கேள், பொறு, விரலை வை, ஒரு படி செய்து காட்டு, விலகு என்ற வரிசையைப் பெரிய பிள்ளைகளுக்கு வகுப்பு தொடங்கும் முன்பே பழக்க வேண்டும். அந்தப் பழக்கம் இல்லாமல் நான்காவது வழியை எடுத்தால், முதல் வழியின் மங்கலான நகல்தான் கிடைக்கும்.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் ஆகிய மூவரும் 2006-ல் எழுதிய கட்டுரையில், குறைந்த வழிகாட்டுதலோடு பிள்ளையைத் தானே கண்டுபிடிக்க விடுவது தொடக்கநிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படுவதில்லை என்றார்கள். ஒரே நேரத்தில் மனத்தில் வைத்துக் கையாளக்கூடியவை மிகச் சிலவே. புதிய கணக்கில் எதைத் தேடுவது என்றே தெரியாமல் தேடினால் அந்த இடம் நிரம்பி வழிந்துவிடும். இந்த வாதம் எனக்குச் சரியாகப் படுகிறது. அது வெட்டுவது இரண்டாவது வழியின் தீவிர வடிவத்தை. நான்காவது வழியில் வழிகாட்டுதல் முதலில் அதிகமாகவே இருக்கிறது, பிறகு குறைகிறது. புதிய பாடம் தொடங்கும் வாரத்தில் முழுவதும் செய்து காட்டிய கணக்குகளை முதலில் கொடுப்பது அதன் பயனுள்ள நீட்சி. பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரித்துப் பாடம் நடத்தலாம் என்று யாராவது பணம் கேட்டு வந்தால் கொடுக்க வேண்டாம். அப்படிப் பிரித்துக் கற்பித்தால் பலன் கூடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை.

ஆகவே குழுவுக்கு என் பரிந்துரை: நான்காவது வழியை வகுப்பின் முதுகெலும்பாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் வழிக்கு நாள்தோறும் தொடக்கத்தில் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். வாய்ப்பாடு, எழுத்து, சொல் வாசிப்பு, உடனுக்குடன் திருத்தம், பரிசு இல்லை, போட்டி வேண்டுமானால் பிள்ளையின் நேற்றைய வேகத்தோடு. இரண்டாவது வழியை ஆசிரியரின் பயிற்சியில் வையுங்கள். மாண்டிசோரியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். பிள்ளைகளை வகுப்பு வாரியாக உட்கார வைக்காமல், வாசிப்பிலும் கணக்கிலும் தனித்தனியே மட்டம் பார்த்துக் குழுவாக்குங்கள். தமிழ்நாட்டு அரசு 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்ற பிரிவுகளைப் பிள்ளைகள் ஏற்கெனவே பழகியிருப்பதால் இது அவர்களுக்குப் புதிதாக இருக்காது. மும்பையிலும் வதோதராவிலும் பின்தங்கிய பிள்ளைகளுக்கு அவர்கள் மட்டத்திலிருந்து தனியே கற்பித்த திட்டம் நல்ல பலன் கொடுத்ததை அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் 2007-ல் வெளியிட்ட ஆய்வு காட்டியிருக்கிறது. சேர்க்கையின்போது நடத்தும் சோதனையைத் துணையின்றி ஒருமுறை, சிறு குறிப்புகள் கொடுத்து ஒருமுறை என்று இருமுறை நடத்துங்கள். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம்தான் முதல் மாதப் பாடத்தைத் தீர்மானிக்கும்.

ஒவ்வோர் ஆசிரியரும் ஒரு நோட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அதில் மதிப்பெண் வேண்டாம். அன்று வந்த தப்பு விடை ஒன்று, அதற்குப் பிள்ளை சொன்ன விளக்கம் அதன் வாயில் வந்த சொற்களிலேயே, அடுத்து ஆசிரியர் செய்தது என்ன என்ற மூன்று வரி போதும். பருவ முடிவில் குழு அதை எடுத்துப் பார்த்து, ஒரே தப்பு அதே பிள்ளையிடம் திரும்பி வந்திருக்கிறதா என்று தேடினால், வகுப்பு வேலை செய்கிறதா இல்லையா என்பது எந்தத் தேர்வையும்விடத் தெளிவாகத் தெரிந்துவிடும்.

இந்தப் பரிந்துரை இரண்டு ஆசிரியர்கள் இருப்பார்கள் என்பதை நம்பி நிற்கிறது. ஒருவர்தான் கிடைப்பார் என்றால் முப்பது பேரையும் ஒரே நேரத்தில் வரவழைக்க வேண்டாம். பெரிய பிள்ளைகளை எல்லா நாளும் வரச் சொல்லி, சின்னவர்களை இரண்டு பிரிவாக்கி ஒன்றுவிட்டு ஒரு நாள் வரச் செய்யுங்கள். அப்போது ஒவ்வொரு சின்னப் பிள்ளைக்கும் பக்கத்தில் ஒரு பெரிய பிள்ளையும், இருவருக்கும் பக்கத்தில் வந்து உட்கார ஆசிரியருக்கு நேரமும் இருக்கும்.